டிஎன்பிஎல் வீரர் ஐபிஎல்லில் நிலைப்பாரா? ஃபேன்டசி அணி போடுவோருக்கு 22 பயனுள்ள குறிப்புகள்

ஐபிஎல் தொடங்கிவிட்டால் திருப்பத்தூர், ஆலங்காயம், ஜோலார்பேட்டை பக்கம் பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரமே மாறிவிடும். அப்பா ஒரு அணி, அண்ணன் ஒரு அணி, பத்தாவது படிக்கும் தங்கை ஒரு அணி என்று ஆளுக்கொரு ஃபேன்டசி அணி போட்டு புள்ளி எண்ணும் வழக்கமும் வந்துவிட்டது. கோலியையும் பும்ராவையும் எல்லோரும் எடுப்பார்கள். வெற்றி தோல்வியை முடிவு செய்வது, மற்றவர்கள் எடுக்காமல் விட்ட ஒரு புது வீரர்தான். அந்தப் புது வீரர் பெரும்பாலும் தமிழ்நாடு பிரீமியர் லீகிலிருந்தோ (டிஎன்பிஎல்), கல்லூரி அணியிலிருந்தோ, மாவட்ட லீகிலிருந்தோ வந்தவராக இருப்பார். அவரை எப்படி எடை போடுவது?

திறமை ஒரு கணக்கு, வாய்ப்பு இன்னொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே உள்ள குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி டிவி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறமையை அளக்க

1. ஒரே இரவை நம்பாதீர்கள். டிஎன்பிஎல்லில் எட்டு அணிகள். லீக் சுற்றில் ஒரு அணிக்கு ஏழு ஆட்டங்கள்தான். ஏழு இன்னிங்ஸில் இரண்டு நன்றாக அமைந்துவிட்டால் ரன் பட்டியலில் மேலே வந்துவிடலாம். எனவே ஒரு சீசனை மட்டும் பார்க்காமல் குறைந்தது இரண்டு, மூன்று சீசன்களைச் சேர்த்துப் பாருங்கள். சாய் சுதர்சன் 2021இல் லைகா கோவை கிங்ஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே சேலம் அணிக்கு எதிராக 43 பந்தில் 87 எடுத்தார். அவரை நம்பலாம் என்று சொல்ல வைத்தது அந்த ஒரு இன்னிங்ஸ் அல்ல. அந்தத் தொடர் முழுக்க அதே மாதிரி ஆடி 358 ரன் சேர்த்ததுதான்.

2. எதிரணி யார் என்று முதலில் பாருங்கள். 2022 நவம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டின் நாராயண் ஜெகதீசன் 141 பந்தில் 277 ரன் எடுத்தார். தமிழ்நாடு 50 ஓவரில் 506 ரன் குவித்தது. எதிரே பந்து வீசியது அருணாச்சலப் பிரதேசம். அந்தத் தொடரில் அவர் அடுத்தடுத்து ஐந்து சதம் அடித்தார் என்பதும் உண்மை. அந்த உழைப்புக்குத் தலை வணங்கலாம். ஆனால் அடுத்த ஐபிஎல்லில் கொல்கத்தா அணிக்கு 90 லட்சத்துக்குப் போனவர், கிடைத்த ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து நூறு ரன்னைத் தொடவில்லை. ஸ்கோர் கார்டில் ரன்னுக்குப் பக்கத்தில் பந்து வீசியவர்களின் பெயரையும் படியுங்கள். அவர்களில் எத்தனை பேர் ரஞ்சியிலோ ஐபிஎல்லிலோ ஆடியவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

3. ஸ்ட்ரைக் ரேட்டைப் பிரித்துப் பாருங்கள். ஒருவர் 35 பந்தில் 50 எடுத்தார் என்றால் ஸ்ட்ரைக் ரேட் 143 வரும். கேட்க நன்றாக இருக்கும். பந்துக்குப் பந்து விவரத்தைத் திறந்தால், முதல் 20 பந்தில் 18 ரன், அடுத்த 15 பந்தில் 32 ரன் என்று இருக்கலாம். அதாவது கண் பழக அவருக்கு இருபது பந்து வேண்டும். ஐபிஎல்லில் புது வீரருக்கு யாரும் இருபது பந்து தர மாட்டார்கள். இன்னொருவர் 22 பந்தில் 34 எடுத்து, முதல் பத்துப் பந்திலேயே 14 சேர்த்திருந்தால், ரன் குறைவானாலும் அவர்தான் மேல். சுழலுக்கு எதிராக எவ்வளவு, வேகத்துக்கு எதிராக எவ்வளவு என்றும் இதே போலப் பிரியுங்கள்.

4. பவுலர் எந்த ஓவரில் வீசுகிறார் என்று குறியுங்கள். 30 ரன் கொடுத்து 2 விக்கெட் என்பது எட்டாவது ஓவரில் ஒரு பொருள், இருபதாவது ஓவரில் வேறு பொருள். கடைசி நான்கு ஓவரில் பேட்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதால் ரன்னும் போகும், விக்கெட்டும் விழும். ஃபேன்டசியில் ரன்னுக்கு ஒரு புள்ளி என்றால் விக்கெட்டுக்கு 25 புள்ளியாவது கிடைக்கும். ஆகவே டெத் ஓவர் வீசும் பவுலர் அடி வாங்கினாலும் புள்ளி தருவார். அந்த விக்கெட்டுகள் முன்வரிசை பேட்டர்களா, பதினோராவது ஆளா என்றும் பாருங்கள். பதினோராவது ஆளை வீழ்த்திச் சேர்த்த விக்கெட், ஐபிஎல்லில் அதே எண்ணிக்கையில் வராது.

5. எந்தப் பக்கம் திரும்பும் என்று பிடிபடாத புதிர்ப் பந்துக்கு ஒரு சீசன் பொறுங்கள். வருண் சக்கரவர்த்தி 2018 டிஎன்பிஎல்லில் மதுரை பாந்தர்ஸுக்காக 22 விக்கெட் எடுத்தார். ஓவருக்கு ஐந்து ரன்கூடத் தரவில்லை. மதுரை கோப்பையை வென்றது. அந்த டிசம்பரில் பஞ்சாப் அவரை 8.4 கோடிக்கு வாங்கியது. 2019 மார்ச்சில் ஈடன் கார்டனில் அவர் வீசிய முதல் ஓவரிலேயே 25 ரன் போனது. விரல் காயமும் சேர, அந்த சீசனில் அவர் ஆடியது ஒரே ஆட்டம். அடுத்த ஆண்டு கொல்கத்தா அவரை 4 கோடிக்கு எடுத்தது. 17 விக்கெட் எடுத்தார். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியாவுக்காக 9 விக்கெட். புதிர்ப் பவுலரை முதல் ஆட்டத்தை வைத்துத் தூக்கிப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். பந்தின் வேகத்தையும் அளவையும் பேட்டர்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளக் கற்றாரா என்பதுதான் கேள்வி.

6. டென்னிஸ் பந்து சிக்ஸருக்குத் தனிக் கணக்கு வையுங்கள். நம் ஊர்த் திருவிழாக்களை ஒட்டியும் பொங்கல் விடுமுறையிலும் நடக்கும் போட்டிகளில் இருபது சிக்ஸர் அடிக்கும் பையன்கள் உண்டு. டென்னிஸ் பந்து எடை குறைவு, தோல் பந்து போலத் தையலில் பட்டுத் திரும்பாது, எழும்பும்போது நேரம் கொடுக்கும். அதில் குறுக்கே வீசி அடித்துப் பழகிய மட்டை, தோல் பந்து உள்ளே திரும்பும்போது திணறும். பவுலருக்கு நிலைமை வேறு. டென்னிஸ் பந்தில் அடி வாங்காமல் தப்ப யார்க்கர் ஒன்றுதான் வழி. தர்மபுரியைத் தாண்டி, சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் யார்க்கரைக் கற்றது அப்படித்தான். டென்னிஸ் பந்துப் பேட்டரைவிட டென்னிஸ் பந்து பவுலரை நம்பி எடுக்கலாம்.

7. மைதானத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். சேப்பாக்கத்தில் பந்து நின்று வரும். அங்கே 30 ரன் எடுப்பவர் நன்றாக ஆடியவர். பெங்களூரு சின்னசாமி சிறிய மைதானம், அங்கே அதே 30 சாதாரணம். டிஎன்பிஎல் நத்தம், சேலம், கோவை, நெல்லை என்று பல ஊர்களில் நடக்கிறது. ஒவ்வொரு மைதானத்திலும் அந்த ஆண்டு முதலில் ஆடிய அணி சராசரியாக எவ்வளவு எடுத்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சராசரிக்கு மேலா கீழா என்று பார்த்தால்தான் வீரரின் சொந்த உழைப்பு தெரியும்.

8. சையத் முஷ்டாக் அலி கோப்பையைத் தவறவிடாதீர்கள். டிஎன்பிஎல்லில் எல்லோரும் நம் ஊர்ப் பிள்ளைகள், ஒருவர் ஆட்டம் ஒருவருக்குத் தெரியும். மாநில அணிகள் மோதும் முஷ்டாக் அலி இருபது ஓவர் தொடரில் மும்பை, கர்நாடகா, பரோடா என்று தெரியாத பவுலர்கள் வருவார்கள். ஐபிஎல் அணிகளின் ஆள்தேடும் குழுக்கள் கண் வைப்பதும் அங்கேதான். தமிழ்நாடு 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து அந்தக் கோப்பையை வென்றது. 2021 நவம்பர் இறுதியில் கர்நாடகாவுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட்டபோது தமிழ்நாட்டு பேட்டர் ஷாருக்கான் சிக்ஸர் அடித்தார். அடுத்த ஏலத்தில் பஞ்சாப் அவருக்கு 9 கோடி கொடுத்தது.

9. வயதை இரண்டு பக்கமும் பாருங்கள். 2025 ஏப்ரலில் ராஜஸ்தானுக்காக வைபவ் சூர்யவன்ஷி 35 பந்தில் சதம் அடித்தபோது அவருக்கு 14 வயது. வருண் சக்கரவர்த்தியோ கட்டடக் கலை படித்து, வேலை பார்த்து, இருபதுகளின் நடுவில்தான் கிரிக்கெட்டுக்குத் திரும்பினார். சென்னை லீகின் நான்காம் டிவிஷனில் ஆடிவிட்டுத்தான் மேலே வந்தார். வயது குறைவு என்பதாலேயே எடுக்காதீர்கள், கூடுதல் என்பதாலேயே ஒதுக்காதீர்கள். சின்ன வயதுக்காரர் போன ஆண்டைவிட இந்த ஆண்டு எதில் முன்னேறினார் என்று பாருங்கள். வயது கூடியவரிடம், கையில் இருக்கும் ஒரு வித்தை மேல் மட்டத்தில் செல்லுமா என்று பாருங்கள்.

10. ஒரு ஆட்டத்தையாவது நேரில் பாருங்கள். டிஎன்பிஎல் ஆட்டங்கள் சேலத்தை அடுத்த வாழப்பாடி மைதானத்திலும் நடக்கின்றன. திருப்பத்தூரிலிருந்து ஊத்தங்கரை, அரூர் வழியாகப் போய்விடலாம். போனால் ஸ்கோர் போர்டைவிட இவற்றைக் கவனியுங்கள்:
பேட்டர்: தோளுயரத்துக்கு எழும் பந்தில் தலை விலகுகிறதா, கண் கடைசிவரை பந்தில் இருக்கிறதா? பின்காலில் போய் ஒரு ரன் எடுக்கத் தெரிகிறதா? ஐபிஎல் வேகப்பந்து வீச்சாளர்கள் முதலில் சோதிப்பது இதைத்தான்.
பவுலர்: மைதானத்தின் பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். சிக்ஸர் போன அடுத்த பந்தில் ஓட்டத்தின் வேகம் மாறுகிறதா? யார்க்கர் முயன்று தவறும்போது பந்து முழங்கால் உயரத்துக்குப் போகிறதா, இல்லை நேராகத் தரையில் குத்துகிறதா? முன்னது சிக்ஸர், பின்னது பெரும்பாலும் ஒரு ரன்.
ஃபீல்டிங்: எல்லைக்கோட்டில் நிற்பவர் பந்து வரும் முன்பே நகர்கிறாரா? நல்ல ஃபீல்டருக்கு அணியில் இடம் நிற்கும், கேட்சுக்குப் புள்ளியும் உண்டு.

வாய்ப்பை அளக்க

11. காலியான இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபிஎல்லில் பத்து அணிகள், ஒரு அணிக்கு அதிகபட்சம் 25 பேர், அதில் எட்டுப் பேர்வரை வெளிநாட்டவர். மைதானத்தில் இறங்குவது பதினோரு பேர். திறமை இருந்தும் இடம் இல்லாமல் போவது இதனால்தான். 2019 டிஎன்பிஎல்லில் சேப்பாக்கம் அணியின் பெரியசாமி 21 விக்கெட் எடுத்து, இறுதியில் 15 ரன்னுக்கு 5 விக்கெட் சாய்த்தார். ஐபிஎல் கதவு அவருக்கு எளிதில் திறக்கவில்லை. 2017இல் அஸ்வின் காயத்தால் புனே அணியில் இடம் காலியானது. 17 வயது வாஷிங்டன் சுந்தர் அந்த இடத்துக்கு வந்தார். மும்பைக்கு எதிரான முதல் தகுதிச் சுற்றில் 16 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானார். அணிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, அதே வேலையைச் செய்யும் ஆள் வேறு யார் இருக்கிறார் என்று எண்ணுங்கள். ஒருவர் இருந்தால் பரவாயில்லை. இருவர் இருந்தால் பொறுங்கள்.

12. ஏல விலையைப் பார்த்து மயங்காதீர்கள். விலை என்பது அந்த அறையில் அன்று இரண்டு அணிகள் எவ்வளவு ஆசைப்பட்டன என்பதைச் சொல்லும். எத்தனை ஆட்டம் ஆடுவார் என்பதைச் சொல்லாது. சாய் சுதர்சனை 2022இல் குஜராத் அடிப்படை விலையான 20 லட்சத்துக்கே எடுத்தது. 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்த 21.6 லட்சம் அதைவிட அதிகம்! அந்த 2023 ஐபிஎல் இறுதியில் அவர் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 எடுத்தார். 2025இல் 759 ரன்னுடன், அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சு தொப்பி. அதே 2025 சீசனுக்கு டெல்லி 10.75 கோடி கொடுத்து வாங்கிய நடராஜன், முந்தைய சீசனில் 19 விக்கெட் எடுத்தவர். ஆனாலும் அவருக்குக் கிடைத்தது இரண்டே ஆட்டங்கள்.

13. பேட்டிங் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று பாருங்கள். இருபது ஓவரில் 120 பந்து. முதல் மூன்று பேர்தான் அதில் பெரும்பங்கை ஆடுவார்கள். ஆறாவது, ஏழாவது இறங்குபவருக்குப் பல நாள் பத்துப் பந்துகூட மிஞ்சாது. ஷாருக்கான் எவ்வளவு தூரம் அடித்தாலும், கடைசி ஓவர்களில் இறங்குவதால் ஃபேன்டசியில் ஏற்ற இறக்கம் அதிகம். சாய் சுதர்சன் தொடக்கத்தில் ஆடுவதால் ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி வரும். டிஎன்பிஎல்லில் தொடக்க ஆட்டக்காரராக இருந்தவரை ஐபிஎல் அணி ஏழாவதாக இறக்கினால், அவருடைய பழைய ரன்களை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

14. இம்பாக்ட் ப்ளேயர் விதியை மறக்காதீர்கள். 2023 முதல் ஐபிஎல்லில், டாஸின்போது கொடுக்கும் மாற்று வீரர் பட்டியலிலிருந்து ஒருவரை நடு ஆட்டத்தில் இறக்கலாம். இதனால் இளம் பேட்டருக்கும் பவுலருக்கும் கூடுதலாக ஒரு இடம் கிடைத்தது. அரைகுறை ஆல்ரவுண்டருக்குத் தேவை குறைந்தது. புது வீரர் முதல் பதினொன்றில் இல்லை என்று உடனே கழித்துவிடாதீர்கள். மாற்றுப் பட்டியலில் இருக்கிறாரா, அணி முதலில் பேட் செய்கிறதா, பந்து வீசுகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

15. உட்கார்ந்திருக்கும் ஆளைக் குறித்து வையுங்கள். சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோரை 2019 டிசம்பர் ஏலத்தில் சென்னை எடுத்தது. 2020, 2021 இரண்டு சீசனிலும் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2022இல் குஜராத் 3 கோடிக்கு எடுத்தது. 2025இல் அவர் 19 விக்கெட் எடுத்தார். நடராஜனும் 2018, 2019 இரண்டு ஆண்டும் ஹைதராபாத் அணியில் இருந்தும் களம் காணவில்லை. 2020இல் 16 விக்கெட். அதைப் பார்த்து வலைப்பயிற்சி பவுலராக ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் ஒரே பயணத்தில் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். உட்கார்ந்திருந்த காலத்தில் உள்ளூரில் ஒழுங்காக விக்கெட் எடுத்தாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

16. காயத்தைக் கேட்டு விசாரியுங்கள். வேகப்பந்து வீச்சாளருக்கு முழங்கால், முதுகு, தோள் மூன்றும் முதலீடு. 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் ஆடிய நடராஜனுக்கு அந்த ஏப்ரலிலேயே முழங்கால் அறுவை சிகிச்சை. காயத்திலிருந்து திரும்பும் பவுலர் முதலில் ஆடும் உள்ளூர் ஆட்டத்தில் நான்கு ஓவரையும் முடிக்கிறாரா, கடைசி ஓவரிலும் பழைய வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். முடிக்கவில்லை என்றால் இரண்டு வாரம் காத்திருங்கள்.

17. அமெரிக்கா சொல்லும் பாடத்தையும் கேளுங்கள். இந்த ஃபேன்டசி பழக்கம் அங்கே பெரிதாக வளர்ந்தது அமெரிக்கக் கால்பந்தில். அங்கே தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை ஆண்டுதோறும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். தாக்குதலைத் தொடங்கிப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்தான் அணிக்கு உயிர். 2007இல் முதல் ஆளாகத் தேர்வான ஜமார்கஸ் ரஸல் மூன்று சீசனில் ஆட்டத்தை விட்டே வெளியேறினார். 2000இல் 199ஆவது ஆளாகத் தேர்வான டாம் பிராடி, சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஏழு முறை வென்றார். 2022இல் 262ஆவது, அதாவது கடைசி ஆளாகத் தேர்வான பிராக் பர்டி இரண்டே ஆண்டில் சூப்பர் பவுல் ஆடினார். கல்லூரி எண்களை மலை மலையாக வைத்திருக்கும் நாட்டிலேயே இப்படித்தான். கணிப்பு தவறும் என்று தெரிந்துகொண்டே கணியுங்கள்.

வீட்டில் விளையாட

18. புது வீரரைக் கேப்டன் ஆக்காதீர்கள். ஃபேன்டசியில் கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. அந்த இடங்களில் நிலையாக ஆடும் பழைய ஆளை வையுங்கள். பதினொன்றில் ஒன்றோ இரண்டோ இடம் புதியவருக்குக் கொடுத்தால் போதும். கீப்பராகவும் ஆடும் புதியவர் கிடைத்தால் இன்னும் நல்லது. பேட்டில் தவறினாலும் கேட்ச், ஸ்டம்பிங்கில் புள்ளி வரும். இரவு ஆட்டத்துக்கு ஏழு மணி டாஸ் முடிந்து ப்ளேயிங் லெவன் வந்த பிறகே அணியை உறுதி செய்யுங்கள்.

19. ஒரு பக்கத்துக்கு ஒரு வீரர் என்று நோட்டு போடுங்கள். பெயர், வயது, எந்தக் கையால் ஆடுகிறார், எந்த ஓவர், எத்தனையாவது ஆள், எதிரணி, மைதானம், காயம் என்று எட்டு கட்டம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். ஜவ்வாது மலைமேல் சிக்னல் விட்டுவிட்டு வரும் வீடுகளில்கூட, மறுநாள் பேப்பரைப் பார்த்து இதைச் செய்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளிடம் சராசரியும் ஸ்ட்ரைக் ரேட்டும் போடச் சொல்லுங்கள். ரன்னைப் பந்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஸ்ட்ரைக் ரேட். கொடுத்த ரன்னை ஓவரால் வகுத்தால் எகானமி. வகுத்தலும் சதவீதமும் தானாகப் பழகிவிடும்.

20. ஒரு ரூபாய்கூட வைக்காதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசுச் சட்டம் தடை செய்துவிட்டது. அப்படி ஆட்டம் நடத்துவோருக்கு மூன்றாண்டுவரை சிறையும் ஒரு கோடிவரை அபராதமும் உண்டு. பெரிய ஃபேன்டசி நிறுவனங்களே பணப் போட்டிகளை நிறுத்திவிட்டன. இப்போதும் "பணம் கட்டினால் இரட்டிப்பு", "வெற்றி அணி தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று டெலிகிராமில், வாட்ஸ்அப்பில் வருபவை மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. வீட்டில் பிள்ளைகள் கைப்பேசியில் இப்படி ஏதாவது இருந்தால், அடிக்காமல், திட்டாமல், உட்கார்ந்து பேசி நீக்கச் சொல்லுங்கள்.

21. பரிசு எல்லோருக்கும் வரட்டும். நான்கு முதல் ஆறு பேர் சேர்ந்து தாளிலேயே அணி எழுதுங்கள். ஒரே வீரரை எல்லோரும் எடுக்காமலிருக்க, பெயர்களைச் சீட்டில் எழுதி முறை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். முதல் முறை கடைசியில் எடுத்தவர் அடுத்த முறை முதலில் எடுக்கட்டும். புள்ளி எழுதும் பொறுப்பை வீட்டில் பெரியவரிடமோ அம்மாவிடமோ கொடுங்கள், தகராறு வராது. சீசன் முடிவில் யார் ஜெயித்தாலும் எல்லோரும் சேர்ந்து ஆம்பூர் பிரியாணி சாப்பிடுங்கள். எந்தக் கடையில் என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் ஜெயித்தவருக்கு.

22. நம் வீட்டுப் பிள்ளையைப் புள்ளியால் அளக்காதீர்கள். மேலே சொன்ன கணக்கெல்லாம் டிவியில் தெரியும் வீரர்களுக்கு. புதூர்நாட்டிலிருந்தோ நெல்லிவாசலிலிருந்தோ பஸ் ஏறி வந்து திருப்பத்தூரில் ஆடும் பையனுக்கு முதலில் வேண்டியது தோல் பந்து, ஒரு சரியான ஷூ, பயிற்சியாளர் ஒருவர், தேர்வு முகாம் எப்போது நடக்கிறது என்று சொல்லும் ஒரு ஆள். பள்ளி, கல்லூரி உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். மாவட்ட அணித் தேர்வுக்கு அழைத்துப் போங்கள். பெண் பிள்ளை ஆட ஆசைப்பட்டால் அவளையும் அதே பஸ்ஸில் ஏற்றுங்கள். மகளிர் பிரீமியர் லீக் 2023இலேயே வந்துவிட்டது. படிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். அஸ்வின் பொறியியல் படித்தவர், வருண் கட்டடக் கலை படித்தவர். திருப்பத்தூரிலேயே 1951இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிறது. படிப்பும் ஆட்டமும் சேர்ந்தே போக வழி உண்டு.

சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் மட்டும் ஆடியவர். இந்தியாவுக்கு ஆடிய பிறகு, சொந்த ஊரிலேயே மைதானம் கட்டி 2023இல் திறந்தார். நம் மலையடிவாரத்திலும் அப்படி ஒரு மைதானம் வேண்டும். ஐபிஎல் பார்க்கும் ஒவ்வொரு வீடும் தன் தெருவில் ஆடும் ஒரு பிள்ளைக்கு இந்த ஆண்டு ஒரு தோல் பந்து வாங்கிக் கொடுக்கட்டும்.